எண்ணாமல் விட்டவை

சுஹைல் மாமா பேச ஆரம்பித்தால் போன் சூடாகிவிடும். அவர் ஆப்பிரிக்காவில், அபிஜான் நகரத்தில் கடை வைத்திருக்கிறார். வருஷத்தில் பத்து மாதம் அங்கே, கோடையில் இரண்டு மாதம் இங்கே, மீனா என்ற எங்கள் துறைமுக ஊரில். ஜுமானாவின் வீட்டுக்குப் பக்கத்து வீடு அவருடையது. இரண்டும் நான்காம் மாடி. அவர் ஊரில் இல்லாதபோது அந்த வீட்டுச் சாவி ஜுமானாவின் வீட்டு ஆணியில்தான் தொங்கும்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை காலை அவரிடமிருந்து குரல் செய்தி வந்தது.

"ஜுமானா கண்ணு! மீனாவுல என்னோட ஏஜெண்ட் நீதான். வர்ற வியாழக்கிழமை நாங்க வந்துடுவோம். போன தடவை கெளம்புறப்பவே படுக்கையறை ஷட்டர் பெட்டிக்குள்ள வவ்வால் சத்தம் கேட்டுச்சு. உங்க நவால் அத்தை ஒரே ஒரு வவ்வாலப் பாத்தா போதும், அடுத்த பிளேன்ல திரும்பிடுவா. அப்புறம் நான் தனியா உக்காந்து கத்திரிக்கா வதக்கித் தின்னணும். எப்படியாவது அதுங்கள வெளியேத்திடு. ஆனா கொல்லக் கூடாது, பாவம்."

எங்கள் ஊரில் கதவு ஜன்னல்களுக்கு மேலே ஒரு மரப்பெட்டி இருக்கும். பட்டையை இழுத்தால் ஷட்டர் சுருண்டு அந்தப் பெட்டிக்குள் போய்விடும். மாதக்கணக்கில் யாரும் இழுக்காத ஷட்டர் என்றால் வௌவால்களுக்குக் கொண்டாட்டம். வெளிப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் இடுக்கு இருந்தால் போதும், அதுவே வாசல்.

மாமாவின் படுக்கையறை பால்கனிக் கதவுக்கு மேலே அப்படி ஓர் இடுக்கு இருந்தது.

ஜுமானாவுக்குப் பதினொரு வயது. ஒரு வேலையைக் கொடுத்தால் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அன்றும் கிளம்பினாள். மாடிப்படியில் இரண்டாம் மாடி அபூ ஃபாயிஸ் எதிரில் வந்தார்.

"வவ்வாலா? இதுக்கு எதுக்கு நோட்டு? ஒரு டப்பா மருந்து அடிச்சா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது" என்றார்.

"ஐயோ, வேண்டாம் மாமா. அதுங்கதான் கொசுவையெல்லாம் தின்னுது."

"அப்படியா? அந்தச் சேதி எங்க வீட்டுக் கொசுவுக்கு இன்னும் வந்து சேரலையே!" என்று கையைச் சொறிந்தபடி இறங்கிப் போனார்.

அன்று மாலை ஜுமானா தன் ஆறு வயதுத் தம்பி தமீமைக் கூட்டிக்கொண்டு ஹால் வழியாகச் சுஹைல் மாமாவின் பால்கனிக்குப் போய் உட்கார்ந்தாள். சூரியன் கடலுக்குள் இறங்கியது. இடுக்கிலிருந்து ஒரு சின்ன மூக்கு எட்டிப் பார்த்தது. பிறகு ஒன்று தொப்பென்று கீழே விழுந்து, விழும்போதே இறக்கையை விரித்துப் பறந்தது. அடுத்தது. அதற்கு அடுத்தது.

"பதினொண்ணு" என்று எழுதினாள் ஜுமானா.

"இதுல குட்டி எது அக்கா?" என்று கேட்டான் தமீம்.

"எல்லாம் ஒரே சைஸ்தான்டா. குட்டி எதுவும் இல்ல."

ஞாயிற்றுக்கிழமையும் எண்ணினாள். அதே பதினொன்று. திட்டம் அவளுக்குத் தெளிவாகிவிட்டது. எல்லாம் வெளியே போன பிறகு வாசலை அடைத்துவிட வேண்டும். மருந்து வேண்டாம், புகை வேண்டாம். ஒன்றின் மேலும் கைகூடப் படாது. வேறு இடம் பார்த்துக்கொள்ளும்.

திங்கட்கிழமை மாலை அப்பா நபீஹ் ஏணியைக் கொண்டுவந்தார். அவர் மீன் பிடிப்பவர். படகுக்கு வைத்திருந்த தடித்த ஸ்பாஞ்சை நீளமாக வெட்டி எடுத்து வந்திருந்தார்.

"ஒன்பது... பத்து... பதினொண்ணு! எல்லாம் போயிடுச்சுப்பா. அடைங்க!"

"நல்லா எண்ணினியா?"

"மூணு நாளா எண்ணுறேன்ப்பா!"

அப்பா ஸ்பாஞ்சை இடுக்கில் திணித்தார். ஐந்து நிமிஷ வேலைதான். ஜுமானா துள்ளிக் குதித்தாள். அம்மா ஹனாதி அவளை இழுத்துக் கன்னத்தில் முத்தமிட்டாள்.

"ஒரு உயிருக்கும் வலிக்காம முடிச்சுட்டாளே! என்னைப் புதைக்கப் பொறந்த தங்கமே!"

எங்கள் ஊர் அம்மாக்கள் இப்படித்தான் கொஞ்சுவார்கள். பிள்ளைகளுக்குக் காதில் விழுவதுகூட இல்லை, அவ்வளவு பழகிப்போன பேச்சு. பெற்றவளைப் பிள்ளை புதைக்கட்டும், பிள்ளையைப் பெற்றவள் புதைக்கும்படி ஆகிவிடக் கூடாது என்பதுதான் அதன் அர்த்தம்.

மறுநாள் காலையில் ஜுமானா கண் விழித்தபோது ஏதோ சத்தம் கேட்டது. அவளுடைய அறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் சுஹைல் மாமாவின் படுக்கையறை.

கீச்... கீச்... கீச்.

"அம்மா, மாமா வீட்ல ஏதோ கத்துது."

அம்மா சுவரில் காதை வைத்துக் கேட்டாள். "அட, இன்வெர்ட்டர்தான். ரெண்டு நாளா கரண்ட் இல்லையே, பேட்டரி இறங்கியிருக்கும். நம்மளுது கத்தல, போன வாரம்?"

ஆமாம், கத்தியது. மூன்றாம் மாடியில் உள்ளது தினமும் கத்தும். எங்கள் கட்டிடத்தில் இன்வெர்ட்டர் சத்தம் கேட்காத நாள் உண்டா?

"போய் அணைச்சுட்டு வரட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம். அணைச்சுட்டு மறுபடி போடத் தெரியலைன்னா? வியாழக்கிழமை அவரே வந்து பாத்துக்கட்டும். கரண்ட் வந்தா தானா நின்னுடும்."

அன்று மாலை அவள் சாவியை எடுத்துக்கொண்டு ஹால் வழியாக மாமாவின் பால்கனிக்குப் போனாள். வௌவால்கள் ஸ்பாஞ்சைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. ஒன்று சுவரில் ஒட்டிக்கொண்டு ஸ்பாஞ்சைக் கடித்துப் பார்த்தது. போனது, மறுபடி வந்தது. இருட்டிய பிறகும் போகவில்லை.

"பழைய வீட்ட மறக்க முடியலப்பா அதுங்களுக்கு" என்று வந்து சொன்னாள்.

"ரெண்டு நாள் ஆகும்மா. பழகிடும்" என்றார் அப்பா.

இரவு படுக்கும்போதும் சுவருக்குப் பின்னால் சத்தம் கேட்டது. காலையில் கேட்டதைவிட மெல்லிய சத்தம். அவள் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு தூங்கிவிட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் கரண்ட் வந்தது. கட்டிடம் முழுக்க "ஹோ" என்று ஒரு கூச்சல். பிரிட்ஜ் முனகியது, லிப்ட் அசைந்தது. ஜுமானா ஓடிப்போய்ச் சுவரில் காதை வைத்தாள். சத்தமே இல்லை.

"பாத்தியா? நான் சொன்னேன்ல?" என்றாள் அம்மா.

சாயங்காலம் நான்கு மணிக்கு இருவரும் வாளி, துடைப்பத்தோடு சுஹைல் மாமா வீட்டைச் சுத்தம் செய்யப் போனார்கள். அம்மா சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஜுமானா, நடை அலமாரியத் திறந்து, இன்வெர்ட்டர்ல பச்சை லைட் எரியுதான்னு பாரு!"

ஜுமானா அலமாரியைத் திறந்தாள்.

இன்வெர்ட்டர் இருந்தது. விளக்கு எரியவில்லை. கீழே பேட்டரிகள் இருக்க வேண்டிய இடத்தில், தூசிக்கு நடுவே இரண்டு சதுரம் மட்டும் சுத்தமாக இருந்தன. ஒயர் நுனிகளில் துணி சுற்றி டேப் ஒட்டியிருந்தது. யாரோ எப்போதோ பேட்டரிகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவள் அப்படியே நின்றாள்.

பேட்டரி இல்லாத இன்வெர்ட்டர் எப்படிக் கத்தும்? அப்படியென்றால் இரண்டு நாளாகக் கத்தியது யார்?

'இதுல குட்டி எது அக்கா?' என்று தமீம் கேட்டது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பறந்து வெளியே வந்தவற்றைத்தான் அவள் எண்ணியிருந்தாள். பறக்கத் தெரியாதவை வெளியே வராது அல்லவா?

"அப்பா! அப்பாவைக் கூப்பிடுங்கம்மா! ஸ்க்ரூடிரைவர் எடுத்துட்டு வரச் சொல்லுங்க!"

அவள் போட்ட கத்தலில் அப்பா மட்டுமல்ல, அபூ ஃபாயிஸும் ஓடி வந்தார். அப்பா அறைக்குள் ஏணியைப் போட்டு, பெட்டியின் உள்பக்க மூடியைக் கழற்றினார். எட்டிப் பார்த்தவர் ஒரு படி கீழே இறங்கினார்.

"என்னப்பா? சொல்லுங்கப்பா!"

"மீன் பிடிக்கிற கையுறையக் கொண்டா. நீ தொடாத. வவ்வால் கடிச்சா ஊசி போடணும்."

மொத்தம் ஏழு குட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு வாதுமைக்காய் அளவுதான் இருக்கும். மூன்று அசைந்தன, வாயைத் திறந்து திறந்து மூடின. சத்தம் போடக்கூட அவற்றுக்குத் தெம்பு இல்லை. மற்ற நான்கும் அசையவில்லை.

அபூ ஃபாயிஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான்தான்ப்பா அடைக்கச் சொன்னேன்" என்றாள் ஜுமானா.

"அடைச்சது நான்தானேம்மா."

"இன்வெர்ட்டர்னு சொன்னது நான்" என்றாள் அம்மா மெதுவாக.

"நேத்தே அந்த அலமாரியத் திறந்து பாத்திருக்கலாம். ரெண்டு நிமிஷ வேலை. சாவி கையிலேயே இருந்துச்சு. பாக்கலையே நான்!" என்று சொல்லி ஜுமானா அழுதாள். மருந்து அடித்துக் கொல்பவர்களைப் பற்றி எவ்வளவு கேவலமாக நினைத்திருந்தாள்! மருந்துக்காவது ஐந்து நிமிஷம்தான். இவள் இரண்டு நாள் கத்தவிட்டிருக்கிறாள்.

ஆனால் அழுதுகொண்டே இருக்க நேரமில்லை. மூன்று இன்னும் உயிரோடு இருந்தன.

"அப்பா, மூணையும் உள்ளேயே விட்டுட்டு மூடுங்க. வெளிய ஸ்பாஞ்ச எடுங்க. இப்பவே. இருட்டுறதுக்கு முன்னாடி."

"தாய் வவ்வாலுங்க திரும்பி வருமா?" என்றார் அபூ ஃபாயிஸ்.

"நேத்து வந்துச்சு மாமா. இன்னைக்கும் வரும்."

அப்பா ஸ்பாஞ்சைப் பிடுங்கினார். அதன் ஓரமெல்லாம் சின்னச் சின்னப் பற்களால் கடித்துக் கடித்துப் பிய்ந்திருந்தது.

எல்லோரும் கட்டிடத்துக்குப் பின்னால் இருந்த நாரத்தை மரத்தடிக்குப் போனார்கள். ஜுமானா குழி தோண்டினாள். அப்பா அந்த நான்கையும் துணியில் சுற்றி உள்ளே வைத்தார். தமீம் ஒரு நாரத்தை இலையைப் போட்டான்.

"அதோட அம்மாக்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

அம்மா ஜுமானாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, வழக்கம்போல, "என்னைப் புதைக்கப் பொற..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

பொழுது சாயும்போது ஜுமானா பால்கனி மூலையில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முதல் வௌவால் வந்தது. இடுக்கின் அருகே வந்து நம்பாமல் விலகிப் போனது. மறுபடி வந்து சுவரில் ஒட்டி, ஊர்ந்து உள்ளே நுழைந்தது. பின்னாலேயே இன்னொன்று. பதினொன்றும் உள்ளே போயின.

உள்ளேயிருந்து கீச் என்று ஒரு சத்தம்.

சில உள்ளேயே தங்கின. ஆனால் சில உடனே வெளியே வந்தன. ஒரு சுற்றுப் பறந்து மறுபடி உள்ளே போயின. மறுபடி வெளியே வந்தன. எதையோ தேடுவதுபோல உள்ளே போவதும் வருவதுமாகவே இருந்தன. அவை எதைத் தேடுகின்றன என்று அவளுக்குத் தெரியும். அது எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். சொல்ல வழியில்லை.

வியாழக்கிழமை சுஹைல் மாமாவும் நவால் அத்தையும் ஆறு பெட்டிகளோடு வந்து இறங்கினார்கள்.

"எங்க என் ஏஜெண்ட்? வேலை முடிஞ்சுதா?" என்று மாமா படியிலிருந்தே சத்தம் போட்டார்.

ஜுமானா கதவை மறித்துக்கொண்டு நின்றாள். ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோனது.

"முடியல மாமா. வவ்வால் இருக்கு. படுக்கையறையிலதான் இருக்கு. ஜூலை கடைசி வரைக்கும் அந்த ஷட்டர நீங்க தொடவே கூடாது."

"என்னது!" நவால் அத்தை தலைத்துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "என் படுக்கையறையிலயா? அது முடியில வந்து ஒட்டிக்குமாம்டி!"

"நான் வாசல அடைச்சுட்டேன் அத்தை. உள்ள குட்டி இருக்குன்னு தெரியாம அடைச்சுட்டேன். ரெண்டு நாள் கத்துச்சு. நாங்க உங்க இன்வெர்ட்டர்னு நெனச்சோம்."

"இன்வெர்ட்டரா? பேட்டரியத்தான் போன வருஷமே தம்பிக்குக் குடுத்துட்டேனே!" என்றார் மாமா. பிறகு குரல் தாழ்ந்தது. "அடடா. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"எத்தனை?" என்று கேட்டாள் அத்தை.

"நாலு. மூணு உயிரோட இருக்கு. அதுங்க பறக்கக் கத்துக்கிற வரைக்கும்..."

அத்தை பெரிய பெட்டியைத் தானே ஹாலுக்குள் இழுத்தாள்.

"சோபாவுல நான் படுத்துக்கிறேன். இவர் தரையில படுக்கட்டும், குறட்டையாவது குறையும். ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். ஒரே ஒரு வவ்வால் என் தலையில உக்காந்துச்சுன்னா, அன்னைக்கே பிளேன்!"

அன்றிலிருந்து அவள் குளியல் தொப்பியை மாட்டிக்கொண்டுதான் தூங்கினாள். முதல் வாரம் படுக்கையறைப் பக்கமே போகவில்லை. இரண்டாம் வாரம் கதவருகே நின்று எட்டிப் பார்த்தாள். மூன்றாம் வாரம், காலையில் காபியோடு வந்து, "பிள்ளைங்க பால் குடிச்சுதா?" என்று ஜுமானாவைக் கேட்டாள். தொப்பியை மட்டும் கழற்றவில்லை.

ஜுமானா தினமும் மாலையில் பார்த்து எழுதினாள். வௌவால் வெளியே வரும்போது இடுக்கிலிருந்து நேராகக் கீழே விழுகிறது. திரும்பும்போது இடுக்கின் வாயிலேயே வந்து ஒட்டி ஊர்கிறது. வருவதும் போவதும் வேறு வேறு மாதிரி. ஒரு நாள் அப்பாவின் மீன்கூட்டைப் பார்த்தபோது அவளுக்கு ஒரு யோசனை வந்தது.

"அப்பா, இந்தக் கூட்டுக்குள்ள மீன் சுலபமா போகுது, வெளிய வரத் தெரியல. இதையே திருப்பிப் போட்டா?"

"திருப்பின்னா?"

"வெளிய வர முடியணும், உள்ள போகத் தெரியக் கூடாது. இடுக்குக்கு மேலயும் ரெண்டு பக்கமும் கொசுவலைய ஒட்டிட்டு, கீழ திறந்து விட்டுடலாம். உள்ள ஒண்ணு ரெண்டு மெதுவா கிளம்புச்சுன்னாலும் அதுபாட்டுக்குக் கீழ விழுந்து பறந்துடும். திரும்பி வந்தா இடுக்கு இருக்கிற இடத்துல வலைதான் இருக்கும். யாரும் உள்ள மாட்டிக்க மாட்டாங்க."

அப்பா மீன்கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருபது வருஷமா கூடு கட்டுறேன். எனக்கு இது தோணலையே!"

ஜூலை கடைசியில் ஒரு மாலை, இடுக்கிலிருந்து பன்னிரண்டாவதாக ஒரு குட்டி விழுந்தது. தள்ளாடி, பால்கனிக் கம்பியில் இடிக்கப்போய், தப்பித்துப் பறந்தது. பிறகு இன்னொன்று. நான்கு நாள் கழித்து மூன்றாவதும் பறந்தது. அதற்குப் பிறகும் ஒரு வாரம் காத்திருந்துதான் ஜுமானா வலையைக் கட்டச் சொன்னாள்.

வலை கட்டிய மாலை எல்லோரும் பால்கனியில் கூடிவிட்டார்கள். வௌவால்கள் வலைக்குள் ஊர்ந்து, கீழே நழுவி, ஒவ்வொன்றாகப் பறந்தன.

"பதினாலு!" என்று கத்தினான் தமீம்.

எல்லோரும் கைதட்டினார்கள். "மருந்து அடிக்கச் சொன்னவன் தோத்துட்டான், ஒத்துக்கிறேன்" என்றார் அபூ ஃபாயிஸ். நவால் அத்தை குளியல் தொப்பிக்கு மேலே கையை வைத்துக்கொண்டே சிரித்தாள்.

ஜுமானாவும் கைதட்டினாள். ஆனால் மனதுக்குள் வேறோர் எண் ஓடியது. பதினெட்டு வந்திருக்க வேண்டும்.

மறுநாள் மாலை எதுவும் வெளியே வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. இருட்டியதும் சில வலையருகே வந்து சுற்றிப் பார்த்துவிட்டுத் துறைமுகப் பக்கம் பறந்துபோயின. நான்காம் நாள் அப்பா சிமெண்டைக் குழைத்து எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார்.

"அடைச்சுடட்டுமா?"

"இருங்கப்பா."

ஜுமானா அறைக்குள் போய், நாற்காலி மேல் ஏறி, பெட்டியின் மரத்தில் காதை வைத்தாள். தெருவில் ஒரு வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். அது ஓயும்வரை காத்திருந்து மறுபடி வைத்தாள். பிறகு மூடியைத் தானே கழற்றி, டார்ச் அடித்து மூலை முடுக்கெல்லாம் பார்த்தாள். காலியாகத்தான் இருந்தது.

"ஒண்ணும் இல்லேல்ல?" என்றார் அப்பா.

"ஒண்ணும் இல்ல." அவள் பெட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. "இருந்தாலும் இன்னும் ஒரே ஒரு நாள் பாத்துடலாம்ப்பா."

குழைத்த சிமெண்ட் வீணாகப்போகும் என்று அப்பாவுக்குத் தெரியும். அவர் ஏணியை உள்ளே கொண்டுவந்து, அவள் பக்கத்தில் ஏறி நின்று, அவரும் பெட்டியில் காதை வைத்துக் கேட்டார்.